முகமெல்லாம் முடி – ஏன்?



போன மாதம் எங்கள் வகுப்பில் வேர்க்கடலை மடித்த பேப்பரில் ஒரு பையனின் படம் இருந்தது. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் முடி. "டேய், கரடிடா!" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் காட்டியபோது பாட்டி, "அவங்கம்மா மாசமா இருக்கும்போது கரடியப் பாத்திருப்பா" என்றார்கள்.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. காரணம் ஜீன்ல இருக்கு. நீயே படிச்சு சுவர்ப் பத்திரிகைக்கு எழுது" என்றார்கள். இதோ எழுதிவிட்டேன்.

இது என்ன?

இதன் பெயர் ஹைப்பர்டிரைகோசிஸ். அளவுக்கு மீறி முடி வளர்வது என்று பொருள். பிறவியிலேயே வரும் வகை மிக மிக அரிது. நம் எல்லார் உடம்பிலும் சுமார் 50 லட்சம் ரோமக்கால்கள் உண்டு. பலவற்றில் லேசான பூனைமுடிதான் வளரும். எங்கே எவ்வளவு வளரணும் என்று கட்டளையிடுவதில் ஜீன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டளை மாறினால் பூனைமுடி இருக்க வேண்டிய இடத்தில் நீளமுடி வந்துவிடும். அப்போதும் உள்ளங்கையில் முளைக்காது. அங்கே ரோமக்காலே கிடையாது!

ஜீனில் என்ன ஆகிறது?

மெக்சிகோ நாட்டில் ஒரு குடும்பத்தில் இது தலைமுறை தலைமுறையாக வந்ததை 1984-ல் டாக்டர்கள் எழுதினார்கள். ஆண்களுக்கு முகமும் மேல் உடம்பும் நிறைய முடி. பெண்களுக்குத் திட்டுத்திட்டாக மட்டும். ஏன்?

ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம், ஒரு ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். (பத்தாம் வகுப்பு அக்காக்களின் புத்தகத்தில் பார்த்தேன்.) மாற்றம் இருப்பது எக்ஸில். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் தூங்கிவிடும். மாறிய எக்ஸ் விழித்திருக்கும் இடத்தில் முடி, தூங்கும் இடத்தில் இல்லை. அதனால்தான் திட்டு! இந்த வகையில் அப்பாவிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும், மகனுக்குப் போகாது. மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய்தானே.

2011-ல் இன்னொன்று தெரிந்தது. வேறு குரோமோசோமின் துண்டு ஒன்று எக்ஸுக்குள் செருகிக்கொண்டு இருந்தது. அறிவியல் நோட்டு நடுவில் வரலாறு நோட்டுத் தாள் ஒட்டிக்கொண்ட மாதிரி. அதனால் பக்கத்தில் உள்ள சாக்ஸ்3 என்ற ஜீனின் வேலை மாறுகிறது என்று கருதுகிறார்கள்.

ஒரு துப்பறியும் கணக்கு

பெட்ரஸ் கொன்சால்வஸ் 1537-ல் டெனெரிஃப் தீவில் பிறந்தவர். முகமெல்லாம் முடி. சிறுவனாக இருக்கும்போதே பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியின் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே லத்தீன் மொழி படித்தார். அவருடைய மகளுக்கும் முடி, மகனுக்கும் முடி. இப்போ சொல்லுங்க, இது எக்ஸ் வகையா? இல்லை! மகனுக்கும் வந்துவிட்டதே. ஆகவே ஒரே மாதிரி தெரிந்தாலும் காரணம் ஒன்றல்ல. 2009-ல் சீன விஞ்ஞானிகள் 17-ஆம் குரோமோசோமில் துண்டு விடுபட்டதாலும் இரட்டித்ததாலும் வரும் வகையைக் கண்டார்கள்.

மனசு கஷ்டப்பட்ட இடம்

மெக்சிகோவில் பிறந்த ஜூலியா பாஸ்த்ரானாவுக்கும் இது இருந்தது. நன்றாகப் பாடுவார், ஆடுவார். ஆனால் "கரடிப் பெண்" என்று காசு வாங்கிக் காட்டினார்கள். 1860-ல் மாஸ்கோவில் குழந்தை பெற்ற சில நாளில் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. இருவர் உடலையும் பதப்படுத்தி, கணவரே ஊர் ஊராகக் காட்டினார். 2013-ல்தான் ஜூலியாவைச் சொந்த நாட்டில் அடக்கம் செய்தார்கள். 153 வருஷம்!

எனக்கும் மேலுதட்டில் கொஞ்சம் முடி உண்டு. அது இந்த நோய் இல்லை, நிறையப் பேருக்கு இருப்பதுதான். ஆனாலும் "மீசை" என்று கூப்பிடும்போது அழுகை வரும். அப்படிப்பட்ட நானே அன்று சிரித்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாட்டிக்கும் விளக்கிச் சொன்னேன். "அப்ப அந்தப் பொண்ண வீணா பேசிட்டேனா?" என்றார்கள். அந்தப் பேப்பரை இப்போது என் அறிவியல் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி