அப்பாவுக்கு ஒரு பேனாக்கத்தி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

அப்பாவுக்குப் பரிசு வாங்குவது எப்போதுமே சிக்கல்தான். சட்டை எடுத்துக் கொடுத்தால், "ஏற்கெனவே நாலு இருக்கே" என்பார். புது போன் என்றால், "பழசே நல்லாத்தான் ஓடுது" என்பார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் மாதிரியான நெசவாளர் பகுதிகளில் வளர்ந்து, இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலும் சென்னை ஐ.டி. அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்த பாட்டுதான்.

ஜூன் மூன்றாவது ஞாயிறு, தந்தையர் தினம். வாங்கிக் கொடுத்தால் பீரோவுக்குள் போகாமல் அப்பாவின் கையிலேயே இருக்கும் பொருள் ஏதாவது உண்டா? நல்ல மடக்குக் கத்தி அப்படிப்பட்ட ஒன்று. ஊரில் பலரும் பேனாக்கத்தி என்பார்கள். பார்சல் பிரிக்க, மாம்பழம் நறுக்க, சணல் கயிறு அறுக்க என்று தினமும் வேலை இருக்கும். ஆனால், தப்பான கத்தியை வாங்கினால் துருப் பிடிக்கும், விரலை வெட்டும். சில வகைகள் காவல் நிலையம் வரைக்கும்கூட இழுத்துவிடலாம்.

நமக்குப் புதுசா?

இல்லை. பனையோலையில் எழுதிய காலத்திலேயே நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஓலையில் எழுதும் ஆணியையும் ஓலையை வாரும் கத்தியையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். பேனாக்கத்தி என்ற பெயருக்கும் எழுத்தோடு சம்பந்தம் உண்டு. ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு வைத்திருந்த சின்னக் கத்திதான் அது.

இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சுவிஸ் கத்தியின் கதை 1884-ல் தொடங்குகிறது. கார்ல் எல்ஸ்னர் சுவிட்சர்லாந்தின் இபாஹ் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் தொகுதி கத்திகள் போயின. அந்த நிறுவனம்தான் இன்றைய விக்டோரினாக்ஸ். பிரான்ஸில் 1890-ல் ஜோசப் ஓபினெல் செய்த, மரப்பிடி போட்ட எளிய கத்தியும் அதே அளவுக்குப் பிரபலம்.

அப்பா என்ன வேலைக்குப் பயன்படுத்துவார்?

கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. தோட்டம், மரம், தேங்காய் நார் என்று புழங்குபவருக்கு ஒற்றை அலகு கொண்ட உறுதியான கத்தி போதும்.

தறியில் உட்காருபவருக்குத் தேவை வேறு. அறுந்த இழையை முடிந்து, மிச்ச முனையை நறுக்குவதற்குக் கத்தி அலகைவிடச் சின்னக் கத்தரிதான் தோது. ஜரிகையின் பிசிறு இழையைப் பிடித்து எடுக்க இடுக்கி வேண்டும். இந்த இரண்டும் உள்ள பல பயன் கத்திதான் நெசவாளருக்குப் பொருத்தம். 58 மில்லிமீட்டர் நீளமுள்ள விக்டோரினாக்ஸ் 'கிளாசிக்' மாடலில் கத்தி, கத்தரி, நகம் தேய்க்கும் அரம், இடுக்கி எல்லாம் உண்டு. சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் 91 மில்லிமீட்டர் 'கிளைம்பர்' மாடலிலும் கத்தரி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அலகில் சின்னப் பிசிறு இருந்தாலும் பட்டு இழை அதில் மாட்டி இழுபடும். தறிக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தி கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, வழவழப்பாகவும் இருக்க வேண்டும்.

எந்த எஃகு நல்லது?

எஃகில் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் அது துருப்பிடிக்காத வகை. 'கார்பன் ஸ்டீல்' என்று விற்கப்படும் வகையில் குரோமியம் மிகக் குறைவு. சாணை பிடிப்பது சுலபம், நல்ல கூரும் வரும். ஆனால் எலுமிச்சை நறுக்கி, துடைக்காமல் மடக்கி வைத்தால் மறுநாளே கறை தெரியும். நம்மூர் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் துருப்பிடிக்காத எஃகுதான் தோதானது.

அடுத்தது கடினம். இதை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். எண் கூடினால் கூர்மை அதிக நாள் நிற்கும், ஆனால் சாணை பிடிக்கக் கஷ்டம், அலகு உடையவும் வாய்ப்பு உண்டு. குறைந்தால் நேர்மாறு. சுவிஸ் கத்திகள் 56-ஐ ஒட்டி இருக்கும். அது கொஞ்சம் மென்மையான எஃகுதான். ஆனால் வீட்டில் இருக்கும் சாணைக்கல்லில் அப்பாவே தீட்டிக்கொள்ளலாம். 60-க்கு மேல் என்று விளம்பரம் செய்யும் கத்தியைத் தீட்ட நல்ல கல்லும் பழக்கமும் வேண்டும்.

பூட்டு ஏன் முக்கியம்?

வேலையின் நடுவே அலகு மடங்கினால் விரல் போய்விடும். அதற்குத்தான் பூட்டு. சுவிஸ் பாணிக் கத்திகள் பலவற்றில் பூட்டு கிடையாது. முதுகுப் பக்க ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். மெல்லிய வேலைக்கு அது போதும். அழுத்தம் கொடுத்து வெட்டுபவருக்குப் பூட்டு உள்ளதே பாதுகாப்பு. ஓபினெல் கத்தியில் 1955 முதல் ஒரு உலோக வளையம் இருக்கிறது. அதைத் திருகினால் அலகு மடங்காது. எப்படி என்று சொல்லித் தராமலே புரிந்துவிடும்.

அப்பாவின் வயதையும் பாருங்கள். நகத்தால் பிடித்து இழுத்துத் திறக்கும் கத்தி, விரல் மூட்டு வலி உள்ளவருக்குப் பெரிய தொல்லை. கடையிலேயே நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள். உங்களுக்கே நகம் வலித்தால் அவருக்கு வேண்டாம். கண் பார்வை மங்கியிருந்தால் சிவப்பு, மஞ்சள் மாதிரி பளிச்சென்ற பிடி நல்லது. கீழே விழுந்தாலும் சட்டென்று தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் கொண்ட அலகுள்ள கத்திகள் ஆயுத வகைக்குள் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. சாதாரண பேனாக்கத்தியின் அலகு 4 முதல் 9 சென்டிமீட்டர்தான். 9 அங்குலம் என்பது சுமார் 23 சென்டிமீட்டர். ஆக, அளவில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால், பொத்தானைத் தட்டினால் 'டக்'கென்று பாய்ந்து திறக்கும் கத்தி பக்கமே போகாதீர்கள். டெல்லியில் 1980 அறிவிக்கையின்படி, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ள ஸ்பிரிங், பொத்தான் கத்திகளை உரிமமின்றி வைத்திருந்தால் வழக்கு வரும். இந்திப் படங்களில் வில்லன்கள் விரித்துக் காட்டும் ராம்பூரி கத்தி இந்த ரகம்தான். அந்த ராம்பூரிலேயே 2023-ல் 20 அடி உயரக் கத்திச் சிலையை ஒரு சந்திப்பில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

சின்னக் கத்தியே ஆனாலும் இடம் பார்த்துத்தான் எடுத்துப்போக வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி கருட சேவை மாதிரியான பெருங்கூட்டத்துக்கும், அரசியல் கூட்டத்துக்கும் கிளம்பும்போது அதை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். ஊரில் தடை உத்தரவு போட்டிருந்தால் கட்டாயம் எடுத்துப்போகக் கூடாது. பழைய 144 தடை உத்தரவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163-வது பிரிவாக இருக்கிறது.

விமானத்தில் வருபவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். செக்-இன் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். லண்டனிலிருந்து அப்பாவுக்கு வாங்கி வரும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: பிரிட்டனில் பூட்டு இல்லாத, 3 அங்குலம் வரை அலகுள்ள மடக்குக் கத்தியை மட்டுமே தகுந்த காரணம் இல்லாமலும் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பல நாடுகளில் இப்படிக் கெடுபிடி கூடுவதால்தான், அலகே இல்லாத பாக்கெட் கருவியைத் தயாரிக்கும் யோசனையில் இருப்பதாக விக்டோரினாக்ஸ் 2024-ல் சொன்னது.

கடையில் எப்படிச் சோதிப்பது?

* திறந்த நிலையில் அலகைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது.
* மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் சரியாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூர் கெடும்.
* செய்தித்தாளை ஒரு கையில் பிடித்து நறுக்குங்கள். கிழியாமல் வெட்ட வேண்டும்.
* அலகின் அடியில் நிறுவனத்தின் முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் 'பிராண்டட்' கத்தி பெரும்பாலும் போலிதான்.

வாங்கிய பிறகு?

வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு மடக்க வேண்டும். மாதம் ஒரு முறை மூட்டில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போதும். பழம் நறுக்கும் கத்தி என்றால் உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெய். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். தறிப் பக்கம் போகும் முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். பட்டில் ஒரு சொட்டு பட்டாலும் பல நாள் உழைப்பு வீண். கத்தியோடு ஒரு சின்னச் சாணைக்கல்லையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு முழுமையாகும்.

கடைசியாக ஒரு சின்னப் பிரச்சினை. "கத்தியைக் கையில கொடுத்தா சண்டை வரும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஐரோப்பாவிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே பரிசு வாங்குபவர் ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்து, விலைக்கு வாங்கியதாகக் கணக்கு முடித்துவிடுவார். அப்பாவிடம் ஒரு ரூபாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து நீட்டுங்கள், அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

"எதுக்குப்பா இந்தச் செலவு?" என்றுதான் முதலில் கேட்பார். பதில் சொல்ல வேண்டாம். ஆயுத பூஜை வரைக்கும் பொறுங்கள். நாடா, கத்தரி பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்து அந்தக் கத்தியும் இருந்தால், பரிசு அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.