பேசுவதற்கு முன் கேட்க வேண்டும்

ஊமை என்று நம் ஊர்ப்பக்கம் சொல்லப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நாவிலும் குறையில்லை, தொண்டையிலும் குறையில்லை. குறை இருப்பது காதில். தமிழைக் கேட்டு வளரும் பிள்ளை தமிழ் பேசுகிறது. தெலுங்கைக் கேட்டு வளரும் பிள்ளை தெலுங்கு பேசுகிறது. ஒன்றுமே கேளாத பிள்ளை எதைத் திருப்பிச் சொல்லும்? காது கேளாத ஒருவரை இயேசு ஆண்டவர் நலமாக்கியதை மாற்கு நற்செய்தியில் படித்திருக்கிறோம். அங்கும் முதலில் தொடப்படுவது காது; பின்னரே நா.

இது தெரியாமையால் வீணாகும் காலம் கொஞ்சமன்று. குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையென்றால், "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், இவன் அப்பாவும் அப்படித்தான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். நாவில் வசம்பு தடவுவதும் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் வசம்பு காதைத் திறக்காது. பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான் மூளை ஒலிகளைப் பிரித்தறியப் பழகுகிறது. அந்தப் பருவம் கடந்தபின் மிகச் சிறந்த கருவியைப் பொருத்தினாலும் பயன் குறைந்துவிடுகிறது.

பெற்றோரை ஏமாற்றும் காரியங்கள் இரண்டு உண்டு. கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே "ங்கா" என்று ஒலி எழுப்பும். பிறகுதான் அது குறையும். இரண்டாவது, நாம் பின்னால் நின்று கதவைத் தட்டினால் குழந்தை திரும்பிப் பார்க்கும். அது கேட்டதனால் அன்று. தரையின் அதிர்வை உணர்ந்ததாலோ நிழலைக் கண்டதாலோ இருக்கலாம். ஆகவே வீட்டுச் சோதனையை முடிவாகக் கொள்ளலாகாது. பாத்திரம் விழும் ஓசைக்குத் திடுக்கிடாத கைக்குழந்தை, ஆறு மாதத்தில் தாயின் குரல் வரும் பக்கம் திரும்பாத குழந்தை, ஒரு வயதில் தன் பெயருக்குத் திரும்பாத குழந்தை: இவற்றை உடனே காட்ட வேண்டும். தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து வளர்ப்பவர்கள் நம்மில் பலர் அல்லவா? அம்மாவுக்கு முன்னே நம் கண்ணில் இது படலாம்.

மருத்துவர்கள் வகுத்துள்ள கணக்கு எளிது: 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும். சோதனையில் வலி கிடையாது. தூங்கும் குழந்தையின் காதில் சிறிய அடைப்பானை வைத்து ஒலி செலுத்துவார்கள். நலமான உட்காது அதற்கு மெல்லிய எதிரொலி ஒன்றை எழுப்பும். கருவி அதைப் பதிவு செய்யும். ஐயமிருந்தால், ஒலி மூளைக்குச் செல்கிறதா என்று அறிய நெற்றியிலும் காதின் பின்னும் மின்வாய்களை ஒட்டி 'பெரா' சோதனை செய்வார்கள்.

இதற்கெல்லாம் சென்னைக்கே ஓட வேண்டியிருந்த காலம் உண்டு. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. திண்டிவனம் பக்கத்தார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வந்தால் போதும். 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினர் செவிக்குறையையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திவிடாதிருப்பது நல்லது.

ஓரளவு கேட்கும் குழந்தைக்குக் காதொலிக் கருவி போதும். காது வளர வளர அதன் அச்சை மாற்ற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனாலும் பயனில்லையென்றால் காக்ளியர் கருவியை அறுவை செய்து பொருத்துகிறார்கள். நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் உட்காதில் நுண்ணிய மின்கம்பியை வைத்து நேரே நரம்பைத் தூண்டும் கருவி இது. விலை பல இலட்சம். தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது செய்யப்படுகிறது.

கருவி பொருத்திய மறுநாளே குழந்தை பேசிவிடும் என்று எண்ணுவோர் ஏமாந்துபோவார்கள். அதற்கு அது வெறும் இரைச்சல். இரைச்சலைச் சொல்லாக்குவது பயிற்சியாளரும் தாயும்தான். கூலி வேலையை விட்டுவிட்டு மரக்காணத்திலிருந்தோ செஞ்சியிலிருந்தோ வாரந்தோறும் பேருந்தேறி வருவது ஏழைத் தாய்க்கு எளிதன்று. அறுவை சிகிச்சையைக் காட்டிலும் இதுவே பெரிய செலவு என்போம். சென்னை அடையாற்றில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி காட்டியது: குழந்தையோடு தாயையும் வகுப்பில் அமர்த்திப் பழக்குவது. வகுப்பு சில மணி நேரம். வீடோ நாள் முழுவதும். சோறு ஊட்டும்போது "இது சோறு, சூடாக இருக்கிறது" என்று முகம் பார்த்துப் பேசுவதும் பயிற்சியே.

காலம் கடந்து கண்டறியப்பட்ட பிள்ளைகளை வாய்பேச வற்புறுத்தி வதைக்க வேண்டியதில்லை. சைகை மொழியும் இலக்கணமுள்ள முழு மொழியே. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது.

தடுக்கக்கூடிய குறைகளும் பல. கருவுற்ற தாயைத் தாக்கும் ரூபெல்லாக் காய்ச்சல் சிசுவின் செவியைக் கெடுக்கும். அதற்கான தடுப்பூசி 2017-இல் தமிழ்நாட்டில் பள்ளிதோறும் போடப்பட்டது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிப்பதும் பிறவிச் செவிட்டுக்கு ஒரு காரணம். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பவர்கள் இதையும் எண்ண வேண்டும். காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும், கொண்டை ஊசியால் குடைவதும் செவிப்பறையைப் பாழாக்கும்.

பெரியவர்களை மறக்கலாகாது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆலைகளில் இரைச்சலிடையே உழைப்பவர்களும் காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டே திரியும் நம் அண்ணன்மார்களும் இதைக் கவனிக்கட்டும். செவி மங்கிய தாத்தாவிடம் கத்துவதால் சொல் தெளிவாவதில்லை. வானொலியை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் எதிரே அமர்ந்து, நிதானமாகச் சொன்னால் அவர் நம் உதடுகளையும் பார்த்துப் புரிந்துகொள்வார். கருவி வாங்கித் தந்து, அது அலமாரியில் கிடந்தால் அவரைக் கோபித்துப் பயனில்லை. அதை ஆடியாலஜிஸ்டிடம் எடுத்துச் சென்று மறுபடி சரிசெய்து வர வேண்டும்.