மானுக்குத் தெரியாத ஆரஞ்சு

இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் கட்டிக் காட்டில் தூங்கப் போகிறவர்களுக்கு முதல் குழப்பம் நிறத்தில்தான்: இலையோடு இலையாக மறைக்கும் பச்சையா, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சா? விலங்குகள் மிரளுமே என்று பலர் பச்சையை எடுக்கிறார்கள். மானைப் பொறுத்தவரை அது வீண் கவலை. நம் விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே. சிவப்புக்கான வகை அதற்கு இல்லை. ஆரஞ்சுத் துணி அதன் கண்ணுக்கு மங்கிய சருகு நிறம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு உடை கட்டாயம்; சக வேட்டைக்காரர் கண்ணில் படும், மான் மிரளாது. நீலம்தான் மானுக்குப் பளிச்சென்று தெரியும். (வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் துவைத்த துணியும் அப்படித்தான், புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும் வேதிப்பொருள் அதில் உண்டு.)

இருட்டத் தொடங்கினால் கணக்கு மாறும். பகலில் நம் கண் நன்றாகப் பிடிப்பது 555 நானோமீட்டர் ஒளியை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. இருளில் அது 507க்கு இறங்கிவிடும். சிவப்பு சீக்கிரமே கறுத்துப்போகும். ஹேமக்குக்கு மேலே கூரைத்துணியை இழுத்துக் கட்டிய சிவப்புக் கயிறு அந்தியில் காலைத் தடுக்கிவிடும்.

கூரை பச்சையாகவே இருந்தாலும் பரவாயில்லை. கயிற்றை மட்டும் எலுமிச்சை மஞ்சளில் வாங்குங்கள். வேட்டைப் பருவம் என்றால் கூரையும் ஆரஞ்சாகவே இருக்கட்டும்.