மாடு வளர்த்த ஊரில் மாட்டெலும்பு இல்லை

திருமண விருந்து முடிந்து பந்தலைப் பிரித்தபின் கொல்லைப்புறத்தில் எஞ்சுவது எலும்புக் குவியல். அதைக் கண்டு நாம் மூக்கைப் பொத்துகிறோம். அகழ்வாராய்ச்சியாளரோ அதைத்தான் தேடி அலைகின்றனர். மன்னர் தம் கல்வெட்டில் விரும்பியதையெல்லாம் பொறிக்கலாம். தின்று எறிந்த எலும்பைத் திருத்தி எழுத எவரும் முனைவதில்லை.

எகிப்தின் கீசாவில், ஸ்பிங்க்ஸ் சிலைக்குத் தெற்கே, பிரமிடுகளைக் கட்டியோரின் ஊர் மணலடியில் புதைந்து கிடந்தது. மார்க் லேனர் என்பாரின் குழுவினர் 1988-இல் அங்கே தோண்டத் தொடங்கினர். (பிரமிடுகளைக் கட்டியவர் இஸ்ராயேலர் என நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அவை மோயீசன் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவை. யாத்திராகமம் கூறுவது பித்தோம், இராம்சேஸ் என்னும் பண்டக நகரங்களையே.)

அங்குக் கிடைத்த எலும்புத் துண்டுகள் இலட்சத்திற்கும் மேல். அவற்றை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர், 2022-இல் காலமான ரிச்சர்டு ரெடிங். இளங்கன்றின் கால் எலும்பில் முனை தண்டோடு ஒட்டியிராது. வயது ஏற ஏற ஒட்டிவிடும். பல்லின் தேய்மானமும் வயதைக் காட்டும். இடுப்பெலும்பின் அமைப்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். கீசாவில் உண்ணப்பட்ட மாடுகளுள் பெரும்பாலானவை இரண்டு வயது நிரம்பாத காளைக் கன்றுகள்! ஊருக்குள்ளும் வேற்றுமை இருந்தது. அதிகாரிகள் வாழ்ந்த மேற்குப் பகுதியில் இளங்கன்றின் எலும்பு மிகுதி. வேலையாட்கள் தங்கிய நீண்ட கூடங்களில் ஆட்டெலும்பே மிகுதி.

கன்றுகள் மட்டும் இங்கே என்றால், தாய்ப்பசுக்கள் எங்கே? பால்தந்து இனம்பெருக்க அவை கிராமங்களில் நின்றன. நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில், பழைய அரசுக் காலத்துக் கிராமமாகிய கோம் எல்-ஹிஸ்ன் 1984 முதல் அகழப்பட்டது. அடுப்புச் சாம்பலில் கிடைத்தவை, சாணத்தோடு கலந்து எரிந்த தீவன விதைகள். வரட்டி தட்டி எரித்திருக்கின்றனர். எனவே மாடு நிறைய வளர்த்திருக்கின்றனர். ஆயினும் அவ்வூர்க் குப்பையில் மாட்டெலும்பு மிகச் சொற்பம்! மாடுகள் அரசின் மையங்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன என்பதே ரெடிங் கண்ட முடிவு. இரவு பகலாய் மேய்த்தவனுக்கு வாய்த்தது வரட்டி.

பின் அம்மக்கள் எதை உண்டனர்? ஆட்டையும், அதனினும் சிறப்பாகப் பன்றியையும். பன்றியை மாட்டு மந்தைபோல் நெடுந்தொலைவு ஓட்டிச் செல்ல இயலாது. வழியில் புல்லை மேய்ந்தே அது பிழைக்காது. கம்பளியோ பாலோ அதனிடம் பெறுவதற்கில்லை. ஆதலால் அரசு அதை நாடவில்லை. வீட்டுக் கழிவைத் தின்று, ஓர் ஈற்றில் பல குட்டிகள் ஈன்று, கணக்கெழுதுவோரின் ஏட்டில் ஏறாமல் குடியானவன் முற்றத்திலேயே அது வளர்ந்தது.