மேடை நடுக்கமும் கரப்பான் பூச்சியும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)



"தன்னம்பிக்கை வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும்" என்று நமக்குச் சொல்லாதவர் யார்? ஆயின் அந்தத் தன்னம்பிக்கை எங்கே விளைகிறது, எப்படி வளர்கிறது என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே. விலங்கியல் மாணவன் என்ற முறையில் இவ்வினாவை அறிவியல் வழியே நோக்கலாம் எனத் துணிந்தேன். அதற்கு என் சொந்தக் கதையையும் சற்றே சொல்ல வேண்டியுள்ளது, பொறுத்துக்கொள்க.

என் ஊர் திண்டிவனத்திற்கு அருகே ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கோடை வந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் அப்பா தர்பூசணிக் கடை போடுவார். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நானும் உடன் நிற்கிறேன். காரில் வந்து இறங்குவோர் எவ்வளவுதான் பேரம் பேசினாலும் எனக்குச் சளைப்பு வந்ததில்லை. பழத்தைத் தட்டிக் காட்டுவேன். ஒரு கீற்று வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு விலையைச் சொல்வேன்.

அப்படிப்பட்ட நான், முதலாண்டின் இரண்டாம் பருவத்தில் செமினார் எடுக்க வகுப்பின் முன் நின்றேன். தலைப்பு, நட்சத்திர மீனின் நீர்க்குழல் மண்டலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் எழுதி இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டு வாக்கியம் வந்தது. 'மேட்ரிபோரைட்' என்ற சொல்லில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முதல் ஒன்பது நாட்கள் கல்லூரிக்கு வரவில்லை. கடையிலேயே இருந்தேன். பத்தாம் நாள் காலை, "அப்பா, படிப்பு எனக்கு வராது. நின்னுடறேன்" என்றேன். அப்பா திட்டவில்லை. "மொத நாளு கடையில நிக்கச் சொன்னப்ப நீ என்ன பண்ண? ஆளு வந்ததும் பழக் குவியலுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்ச. மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பழத்தை எடுத்துத் துடைக்கலானார். உண்மையில் நான் அதை மறந்தே போயிருந்தேன். அன்று மதிய வண்டியில் விழுப்புரம் வந்து சேர்ந்தேன்.

கடையில் புலி, வகுப்பில் எலி; ஒரே ஆள் எப்படி இரண்டாகவும் இருக்க முடியும்? நூலகத்தில் உளவியல் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது விடை கிடைத்தது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கொள்கை இது: 'இந்தச் செயலை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணம் மனிதனுக்குப் பொதுவாக அமைவதில்லை, செயலுக்குச் செயல் அது வேறுபடும். பழம் விற்பதில் உள்ள துணிவு பாடம் நடத்துவதற்குத் தானாக வந்து உதவாது. அதற்கென்று தனியே வளர்த்தாக வேண்டும்.

அத்துணிவு நான்கு வழிகளில் வருவதாகப் பண்டூரா கூறுகிறார். தானே செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடலின் குறிகளை எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பது. இவற்றுள் முதலாவதே வலியது. பாம்பென்றால் நடுங்குவோரை வைத்து அவரும் அவர் குழுவினரும் சோதித்தார்கள். பிறர் பாம்பைக் கையாளுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட, துணையோடு படிப்படியாகத் தாமே பாம்பைத் தொட்டுப் பிடித்தவர்களுக்கே துணிவு மிகுதியாக வளர்ந்தது. 'உன்னால் முடியும் தம்பி' என்ற வாழ்த்துரைகளின் வலிமை இதைவிடக் குறைவு என்பதை நம் ஆண்டு விழாப் பேச்சாளர்கள் மன்னிப்பார்களாக!

நான்காவது வழி நம் பாடத்தைச் சேர்ந்தது. அச்சம் தோன்றியதும் பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது. ஓடவோ போராடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. அன்று என் நாக்கு உலர்ந்ததை நான் மூளையில்லாமையின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். ஒரு மிடறு தண்ணீர் குடித்திருந்தால் போதும்!

இனிக் கரப்பான் பூச்சிக்கு வருவோம். 1969இல் ராபர்ட் சயன்ஸ் என்ற உளவியலறிஞரும் அவர் துணைவர்களும் கரப்பான் பூச்சிகளை ஒளியிலிருந்து தப்பி ஓட விட்டார்கள். ஒரு பாதை நேரானது. மற்றொன்று திருப்பம் உள்ளது. பக்கத்தில் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்களைப் பார்வையாளராக வைத்தார்கள். நேர்ப் பாதையில் ஓடியவை பார்வையாளர் இருக்கும்போது வேகமாக ஓடின. திருப்பப் பாதையில் ஓடியவையோ தாமதித்தன. நன்கு பழகிய செயலைப் பிறர் முன்னிலை மேம்படுத்தும், பழகாததைக் குலைக்கும் என்பது சயன்ஸின் முடிவு. 2020இல் வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் மனிதர்களை வைத்துச் செய்த 241 ஆய்வுகளை 1983இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விளைவு சிறிதே ஆயினும் போக்கு அதுவாகவே இருந்தது: எளிய வேலையில் வேகம் கூடியது, கடினமான வேலையில் குறைந்தது.

எனக்கு உடனே விளங்கியது. தர்பூசணி எனக்கு நேர்ப் பாதை. நட்சத்திர மீன் திருப்பப் பாதை. ஓர் இரவு மனப்பாடத்தில் அது நேராகிவிடுமா?

ஆதலால் நானும் திண்டிவனத்தில் ஏறும் இரு நண்பர்களும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலைப் பாசஞ்சர் வண்டியில் மயிலம், பேரணி கடந்து விக்கிரவாண்டி வருவதற்குள் ஒருவர் பாடம் நடத்த வேண்டும். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். தவறினால் மற்றவர் சிரிக்கலாம், ஆனால் நிறுத்தக் கூடாது. முதல் வாரம் எதிர் இருக்கையில் கீரைக் கட்டுகளோடு வந்த அம்மா ஒருவர், "என்னா தம்பி, மந்திரமா?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் அவருக்கே நட்சத்திர மீனுக்குக் கால் எத்தனை என்று தெரிந்திருந்தது.

தன்னைப் போன்ற ஒருவரைக் காண்பது என்றேனே, அதற்கும் நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த ப. வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். இரயில்வே தொழிலாளியின் மகன். இங்குள்ள இரயில்வே பள்ளியில் படித்து, இங்கேயே பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர். தமிழக அரசு அவருக்கு வழங்கிய 25 இலட்ச ரூபாயைத் தாம் பயின்ற கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார். நான் நாள்தோறும் இறங்கும் இரயில் நிலையத்தின் ஊரிலிருந்து ஒருவர் புறப்பட்டு அவ்வளவு தூரம் சென்றிருக்கிறார் என்பது எனக்கு எந்த மேடைப் பேச்சைவிடவும் பெரிது.

இவ்வாண்டு மீண்டும் என் முறை வந்தது. மேசைமேல் தண்ணீர்ப் புட்டியை வைத்துக்கொண்டேன். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இருபது நிமிடம் பேசினேன். மேடம் ஒரு கேள்வி கேட்டார். விடை தெரியவில்லை. "தெரியவில்லை மேடம், நாளை பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். சென்ற ஆண்டு அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வந்திருந்தால் ஒன்பது நாட்கள் வீணாகியிரா.

இப்போது மயிலத்தில் ஏறும் முதலாண்டு மாணவர் ஒருவரும் எங்களோடு அமர்கிறார். நான்கு நாட்களாக எதுவும் பேசவில்லை; கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். அடுத்த மாதம் அவருக்குச் செமினார், தலைப்பு மண்புழு. திங்கட்கிழமை முதல் விக்கிரவாண்டி வரை அவருடைய முறை.