கண்டதிலிருந்தே கனவு: தொழிலைத் தேடும் மனம்

எதிர்காலத்தில் தான் செய்யப்போகும் வேலையை ஒருவர் மனக்கண்ணில் காணும்போது, மூளையில் பெரும்பாலும் நினைவுக்கான பகுதிகளே இயங்குகின்றன. டோனா ரோஸ் ஆடிஸும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஷாக்டரும் 2007-இல் மூளை ஸ்கேன் வழியாக இதைக் காட்டினார்கள். நடந்ததை நினைவுகூரும்போதும் நடக்கப்போவதைக் கற்பனை செய்யும்போதும் ஏறக்குறைய ஒரே பகுதிகள் துடிப்படைந்தன. அதே ஆண்டு லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ் குழுவினர், ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சேதமடைந்து நினைவிழந்தவர்களிடம் ஒரு வெண்மணல் கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோரால் முழுக் காட்சியாக எதையும் கட்ட முடியவில்லை. தொடர்பற்ற துண்டுகளே வந்தன. 

கற்பனை வெறுமையிலிருந்து வருவதில்லை. கண்டது, கேட்டது, கைப்பட்டது ஆகியவற்றைப் பிரித்தெடுத்துப் புதிதாகக் கோத்துத்தான் மூளை நாளையைக் கட்டுகிறது. ஆய்வகத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காத மாணவி தன்னை ஆய்வாளராகக் கற்பனை செய்யத் திணறினால், அது ஆசைக் குறைவோ அறிவுக் குறைவோ அல்ல. கோப்பதற்குரிய காட்சிகள் அவளிடம் சேரவில்லை, அவ்வளவுதான்.

தருமபுரி மாவட்டத்தில் இது கனமான செய்தி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது: 68.54 விழுக்காடு. மாநில அளவு 80.09. பல வீடுகளில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டும் முதல் ஆள் இன்றைய மாணவர்தான். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்திலும், ஒகேனக்கல் பரிசல் துறையிலும், பெங்களூரின் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அருகில் தெரியும் மாதச் சம்பளக்காரர்கள் ஆசிரியர், செவிலியர், காவலர் போன்ற சிலரே. பெங்களூரில் பிராமிஸ் ஃபவுண்டேஷனை நிறுவிய உளவியலாளர் கிதியோன் அருள்மணி, தொழில் குறித்த நம்பிக்கைகளை இந்திய இளைஞர்களிடம் நீண்டகாலம் ஆராய்ந்தவர். ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் "நமக்கு இது ஆகாது" என்ற வகை நம்பிக்கைகள் கூடுதலாக இருப்பதை அவரது ஆய்வுகள் பதிவு செய்தன. ஆனால் இந்த மனப்பாங்கைத் தனியாகத் திருத்திவிட்டால் மட்டும் போதாது. கண்முன் காட்சிகளும் வேண்டும்.

அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் கிடக்கும் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இதற்கு நல்ல சான்று. மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு குடிசையில் சிகிச்சை தொடங்கி, பழங்குடி நல மருத்துவமனையை வளர்த்தார்கள். பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிரசவம் பார்ப்பதும் ஊசி போடுவதும் வெளியூர்க்காரர் வேலை என்றிருந்த இடத்தில், அதைப் பக்கத்து வீட்டு அக்கா செய்வதைப் பார்த்து ஒரு தலைமுறை வளர்ந்தது.

அதே பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிச் சமூகப் பெண்களின் கதை இன்னும் ஆழமானது. தங்கள் மரபுப் பூத்தையலை அவர்கள் ஏறக்குறைய கைவிட்டிருந்தார்கள். இளம்பெண்கள் சேலைக்கு மாறிவிட்டார்கள். வேலை தேடி வெளியூர் போவதே வழி என்றிருந்தது. மூதாட்டிகளின் பழைய பாவாடைகளிலும் விரல்களின் நினைவிலும் தையல் வகைகள் மிச்சமிருந்தன. லலிதா ரெஜியின் ஊக்கத்தில், அந்த மூதாட்டிகள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. "எங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது?" என்று திரும்பிப் பார்த்ததும், "அதைப் பைகளிலும் உடைகளிலும் தைத்தால் யார் வாங்குவார்கள்?" என்று முன்னோக்கிப் பார்த்ததும் சேர்ந்தே அங்கே ஒரு தொழிலை உண்டாக்கின.

முன்னோக்கிப் பார்ப்பதிலும் வகை உண்டு. ஜெர்மனியில் கேப்ரியல் ஓட்டிங்கனும் டோரிஸ் மேயரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த மாணவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிய கனவுகளில் அதிகம் திளைத்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள்; வேலை அழைப்புகளும் சம்பளமும் அவர்களுக்குக் குறைவு. தன் திறமையை எடைபோட்டு "கிடைக்கும்" என்று நம்பியவர்கள் முன்னேறியிருந்தார்கள். கனவிலேயே கிடைத்துவிட்ட நிறைவு, உழைக்கும் உந்துதலைத் தணித்துவிடுகிறது என்பது ஓட்டிங்கனின் விளக்கம். கலிஃபோர்னியாவில் லியன் பாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999-இல் வெளியிட்ட சோதனையும் இதை ஒட்டியதே. உயர்ந்த மதிப்பெண் பெறும் காட்சியைக் கற்பனை செய்தவர்களைவிட, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிப்போம் என்பதைக் கற்பனை செய்த மாணவர்கள் தேர்வில் நன்றாகச் செய்தார்கள்.

"கலெக்டர் ஆவேன்" என்று சொல்லும் பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டுவதோடு நம் பள்ளி விழாக்கள் நின்றுவிடுகின்றன. "அதற்கு வழி என்ன, தடை என்ன?" என்ற அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். ஹேஸல் மார்க்கஸும் பாலா நூரியஸும் 1986-இல் எழுதிய கட்டுரைப்படி, மனிதருக்குள் ஆக விரும்பும் உருவமும் ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் உருவமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டுமே நடத்தையை இயக்குகின்றன. இந்தக் கருத்தைக் கொண்டு டாஃப்னா ஆய்சர்மன், டெட்ராய்ட் நகரின் வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பினருக்குப் பயிற்சி வகுத்தார். பிள்ளைகள் தம் வருங்காலத்தைக் கோடாக வரைந்து, எங்கே பாதை பிரியும், எங்கே தடை வரும் என்று குறித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களது வருகையும் மதிப்பெண்களும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. அரூர் மாணவிக்கு அந்தக் கோட்டில் நுழைவுத் தேர்வு, விடுதிச் செலவு, இளவயதுத் திருமணப் பேச்சு எல்லாம் இடம்பெறும். அவற்றை எழுதிவிட்டால்தான் உதவித்தொகைக்கு எந்த மாதம் விண்ணப்பிப்பது, வீட்டில் யாரிடம் பேசுவது என்ற அடுத்த அடி தெரியும்.

திரும்பிப் பார்ப்பதன் பலனை அளந்த சோதனை ஒன்று, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ நிறுவனத்தில் நடந்தது. ஜியாடா டி ஸ்டெஃபானோ முதலிய ஆய்வாளர்கள் 2014-இல் அதை வெளியிட்டார்கள். பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினர் ஒவ்வொரு நாளும் கடைசிக் கால் மணி நேரத்தில், அன்று கற்றதை எழுதிப் பார்த்தார்கள். மற்றவர்கள் அந்த நேரத்திலும் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அப்படி எழுதிப் பார்த்தவர்கள் இறுதித் தேர்வில் மற்றவர்களைவிடச் சுமார் 23 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள்.

தன்னைப் பற்றிய எல்லாச் சிந்தனையும் பயன் தருவதில்லை. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று ஒன்றையே மனத்தில் அரைத்துக்கொண்டிருப்பது சோர்வை நீட்டிக்கும் என்பதை சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆய்வுகளில் காட்டினார். இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எது கசந்தது, நாளை எதை மாற்றிச் செய்யலாம் என்ற கேள்விகள் செயலுக்கு இட்டுச்செல்கின்றன.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், அரசுப் பள்ளிகளில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை உயர்கல்வி, வேலை குறித்த வழிகாட்டலைக் கொண்டுவந்தது. அதில் கல்லூரிகளுக்கு நேரில் அழைத்துச் செல்லும் பகுதிக்குத்தான் மேலே கண்ட மூளை ஆய்வு வலுவான ஆதாரம். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியின் பட்டறையிலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ அரை நாள் நின்று பார்த்த பிள்ளைக்கு, தன் வருங்காலத்தைக் கோக்க அசலான காட்சிகள் கிடைத்துவிடுகின்றன. திரும்பும் பேருந்திலேயே, கண்டதில் எது பிடித்தது, அங்கே போய்ச் சேர என்ன தடை என்று அரைப் பக்கம் எழுத வைப்பதற்குத் தனியாகச் செலவும் இல்லை.