கைச்சுருட்டின் தரமறியும் முறை

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் உற்பத்தியாகும் மோட்டார் உறுப்புகள் யாவும் அளவுகருவியாற் சோதிக்கப்பட்ட பின்னரே வாயிலைக் கடக்கின்றன. குறித்த கனத்துக்கு ஒரு மயிரிழை கூடினும் குறையினும் அவை ஒதுக்கப்படும். அவற்றின் தரத்தைப்பற்றி வாங்குவோனும் விற்போனும் வாதிட இடமில்லை. கையாற் செய்யும் பண்டங்களின் நிலை அத்தகையதன்று. அவற்றைக் கண்ணும் விரலும் மூக்கும் நாவுமே அளக்கவேண்டும். இதற்கு உயர்தரக் கைச்சுருட்டு நல்ல திருஷ்டாந்தமாகும். ஒற்றைச் சுருட்டுக்குக் கூலியாள் ஒருவரின் நாட்கூலிக்கு மேற்பட்ட விலை சொல்வதும், “குறித்த தொகையே செய்யப்பட்டது” என்று பெட்டியில் இலக்கம் பொறித்து விற்பதும் இக்காலத்து வழக்கம். அவ்விலையில் இலைக்குரியது எவ்வளவு, பெட்டிக்கும் பெயருக்கும் உரியது எவ்வளவு என்று பிரித்தறிதல் கூடும். பிறர் தரம் பிரித்து விலை சொல்ல, அதனை மறுப்பின்றிப் பெற்றுக்கொள்ளும் உற்பத்தியாளர் எவர்க்கும் இம்முறை அறியத்தக்கதே.

புகையிலை உடலுக்குக் கேடு விளைப்பது என்பதில் ஐயமில்லை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லையாதலால் தீங்கில்லை என்று சிலர் கூறுவது தவறு. வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் உண்டாக அதுவும் காரணமாகிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்றலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடங்களிற் புகைத்தலுக்குத் தடை அமுலில் உள்ளது. ஆயினும் புகைக்காதவரும் இச்சோதனையிற் பெரும்பகுதியைச் செய்யலாம். ஏனெனில், தீ வைப்பதற்கு முன்பே சுருட்டின் குணதோஷங்கள் பாதிக்கு மேல் வெளிப்பட்டுவிடும்.

சுருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘செரூட்’ என்பது நமது ‘சுருட்டு’ என்பதன் திரிபேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்து வரை பெயர் பெற்றிருந்தது. 1887இல் கானன் டாயில் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவோன் தரையிற் கிடந்த சாம்பலின் கருமையையும் செதிலையும் கொண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலெனத் துணிகிறான். சர்ச்சில் துரை புகைத்ததும் தங்கள் ஊர்ச் சுருட்டே என உறையூரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு; எனினும் அவர் பெரிதும் நாடியது கியூபா நாட்டு இலையை. இதில் ஊன்றி நோக்கவேண்டிய விஷயம் வேறொன்று. திருச்சிராப்பள்ளியின் பெயரால் விலைபோன சுருட்டின் இலை பெரும்பாலும் திண்டுக்கல் சீமையில் விளைந்தது. சுருட்டிய ஊருக்குப் பெயர் கிடைத்தது. உழுதவன் பெயரோ அவன் ஊர்ப் பெயரோ பெட்டியில் ஏறவில்லை. பின்னர் ஸ்பென்ஸர் கம்பெனியார் திண்டுக்கல்லிலேயே தொழிற்சாலை அமைத்தனர். 1948இல் அருகிலுள்ள வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது.

சுருட்டு மூவகை இலைகளால் ஆவது. நடுவில் இருப்பது உள்ளிலை. அதனைச் சுற்றி இறுக்குவது கட்டிலை. வெளியே காண்பது மேலிலை. உள்ளிலையிலும் பேதமுண்டு. செடியின் அடியிலை எளிதில் எரியும், காரம் குறைவு. நடுவிலை மணம் தருவது. வெயில் நேரே படும் நுனியிலை தடித்துக் காரம் மிக்கது, மெல்ல எரிவது. இவற்றை எவ்விகிதத்திற் கலப்பதென்பதிலேதான் சுருட்டுவோரின் திறமை இருக்கிறது. உலர்ந்த இலையைப் பொதியாக அடுக்கிவைத்தால் அது தானே சூடேறிப் புளிக்கும். சூடு மிகாதபடி பிரித்து, மேலது கீழாக மாற்றி அடுக்குவர். இவ்வாறு பாடமேறுகையில் நவச்சார வாடை நீங்கிக் காரம் தணிகிறது. அவசரப்பட்டு முன்னரே எடுத்த இலையை எத்துணை அழகாகச் சுருட்டினும் குற்றம் மறையாது.

‘குறித்த தொகை’ என்னும் சொல்லையும் இவ்வாறே ஆராயவேண்டும். கியூபாவின் ஹபானோஸ் நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டு முதல் இத்தகைய வரிசையொன்றை வெளியிட்டு வருகின்றனர். அதற்கு இரண்டாண்டேனும் பழக்கிய மேலிலையையே எடுத்தனர். 2007 முதல் மூவகை இலைகளையும் அவ்வாறே பழக்குகின்றனர். இங்கே தொகை குறைவதற்கு இலையே காரணம். மற்றோரிடத்தில் வழக்கமான சுருட்டையே புதுப் பெட்டியிலிட்டு இலக்கம் பொறித்திருக்கலாம். குறைந்தது இலையா, பெட்டியா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பெரும்பாலான வியாபாரிகள் இதற்கு நேரான விடை கூறுவதில்லை.

சோதனையின் முதற்படி, காகித வளையத்தைக் கழற்றிவிட்டு, வேறொருவரைக் கொண்டு இலக்கமிடச் செய்தலாகும். பெயரை அறிந்த நாக்கு நடுநிலை பிறழும். பிறகு வெளிச்சத்திற் பார்க்கவேண்டும். மேலிலை ஒரே நிறமாய், தடித்த நரம்பின்றி, சிறிது எண்ணெய்ப் பளபளப்புடன் இருத்தல் நன்று. குண்டூசி முனையளவு துளைகள் காணப்படின் வண்டு புகுந்துள்ளதென்று கொண்டு, அப்பெட்டியைத் தனியே விலக்குக. அடுத்து இரு விரல்களால் அடி முதல் நுனி வரை மெல்ல அழுத்துக. ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருந்தால் உள்ளிலை சீராக அடுக்கப்படவில்லை. கல்லான இடத்தில் புகை அடைபடும். பஞ்சான இடத்தில் சூடேறி நாவைச் சுடும். பத்துச் சுருட்டுகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் சுருட்டிய கையின் ஒழுங்கு தெரியும். நுனியை மோந்தால் நல்ல இலை வைக்கோல், மரம், பாடமேறிய வெல்லம் போன்ற மணம் தரும். மூக்கைக் குத்தும் நவச்சார வாடை அடித்தால் பாடம் போதவில்லை. மூடிய தலையை வெட்டியபின் பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும் உண்டு. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இருபுறமும் திறந்திருப்பதாதலின் அதனை வெட்டவேண்டுவதில்லை.

புகைத்துச் சோதிப்பவர் அதற்குமுன் வெற்றிலை, காப்பி முதலியவற்றை விலக்கி, வெந்நீரால் வாய் கொப்பளித்திருத்தல் அவசியம். தீக்குச்சியின் கந்தகம் எரிந்து தீர்ந்தபின் நெருப்பை அருகே காட்டி, சுற்றிலும் சமமாகப் பற்றச்செய்க. நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டா, புகை வாயளவே. முதல் மூன்றிலொரு பாகம், நடுப்பாகம், இறுதிப்பாகம் என மூன்றாகப் பிரித்துக் குறிப்பெழுதுவர். முதலில் இனிமையாயிருந்து நடுவில் வெறும் காரமாக மாறுவதும், முதலில் மந்தமாயிருந்து பின்னர் மணம் விரிவதும் உண்டு. எரியும் விளிம்பு ஒருபுறம் ஓடினால் சுருட்டியதில் பிழை. அடிக்கடி அணைந்தால் ஈரம் மிகுந்திருக்கலாம். அல்லது நிலத்தின் குறையாகவும் இருக்கலாம். உவர்க் கிணற்று நீர் பாய்ச்சிய இலையில் உப்புச்சத்து ஏறி எரிதல் கெடும். வாய்ப்புகையிலைக்கு அந்நீர் தகும், சுருட்டிலைக்குத் தகாது. வெண்சாம்பலே உயர்வென்று கடைக்காரர் கூறுவர். அது மண்ணின் சத்துகளைப் பொறுத்ததேயன்றிச் சுவைக்கு உறுதியான சான்றன்று. துப்பறியும் கதையிற் புகழ்பெற்ற சாம்பல் கரியதுதானே!

மதிப்பெண் இடுவதில் 1992இல் தொடங்கிய ‘சிகார் அஃபிஷியனாடோ’ என்னும் அமெரிக்கப் பத்திரிகை, வளையம் நீக்கிச் சுவைத்து நூற்றுக்கு இத்தனை என்று எழுதும் முறையைப் பரவச்செய்தது. ஒரு சுருட்டைக்கொண்டு ஒரு பெட்டியைத் தீர்மானித்தல் கூடாது, மூன்றாவது வேண்டும். சோதிப்போர் பேசுவதற்கு முன்பே தத்தம் எண்ணை எழுதிக் கொடுத்துவிடவேண்டும்; இல்லையேல் முதலிற் பேசியவர் அபிப்பிராயமே அனைவருடையதும் ஆகிவிடும். ஒரே சுருட்டு வகையை இரு இலக்கங்களில் மறைத்துக் கொடுத்துப் பார்ப்பதும் நல்ல யுக்தி. இரண்டுக்கும் வெகுவாக வேறுபட்ட எண் இடுபவரின் மதிப்பைத் தள்ளிவிடலாம், அவர் சங்கத் தலைவராயினும் சரியே. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904இல் ஐக்கிய சங்கம் தோன்றியது கடன் வசதிக்காக. விளைபொருளைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் வந்தது 1937இல். கடன் கிடைத்தும் தரமறியாதவன் வியாபாரி சொன்ன விலைக்கே விற்றான்.

கடைசியாகப் பாதுகாப்பு. காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபது பங்களவில் இருத்தல் சுருட்டுக்கு ஏற்றது. நம் பக்கத்துக் கோடையில் இரும்பு அலமாரியில் வைத்தால் மேலிலை வெடிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பம் மிகுந்தால் வண்டின் முட்டை பொரியும். தேவதாரு போன்ற மரப்பெட்டியில் குளிர்ந்த இடத்தில் வைப்பர். நவச்சார வாடையால் தள்ளிய சுருட்டுகளில் இரண்டொன்றை இவ்வாறு ஆறு மாதம் வைத்திருந்து மறுபடி மோந்து பார்க்கலாம். வாடை நீங்கியிருப்பின் இலையில் குற்றமில்லை, காலத்துக்கு முன்பே விற்றுவிட்டார்கள் என்பது விளங்கும்.